‘நம்ம பையன்’ என்றால் காசு கேட்கக் கூடாதா?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் ஒன்பது வருஷமாகக் கீபோர்டு வாசிக்கிறேன். வயது 29. சர்ச்சில் வாசித்துக்கொண்டிருந்த என்னை மேடைக்குக் கூட்டிவந்தவர் எங்கள் பார்ட்டி ஓனர் அண்ணன்தான். அண்ணியின் தோட்டை அடகு வைத்து எனக்கு முதல் கீபோர்டு வாங்கித் தந்தார். முன்பெல்லாம் வருஷத்துக்கு 60, 70 கச்சேரி, போன வருஷம் 22 தான். பேஸ் கிட்டாரும் காங்கோவும் வாசித்தவர்கள் போய்விட்டார்கள். இப்போது நான், ரிதம் பேட் வாசிப்பவர், மீதியெல்லாம் முன்பே பதிவு செய்து லேப்டாப்பில் ஓட்டும் ட்ராக். எனக்கு 11 கச்சேரிக் காசு பாக்கி. திருச்சியில் ஒரு குழு கச்சேரிக்கு 3,500 ரூபாய், அன்றைக்கே கையில் தருகிறோம் என்று கூப்பிடுகிறது. மனைவிக்கு இது ஆறாவது மாதம். நான் போனால் பார்ட்டி கலைந்துவிடும். துரோகம் செய்கிறேனோ என்று தூக்கமே வருவதில்லை. என்ன செய்யட்டும்?

– பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: தம்பி, போங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் இன்றைக்கே இல்லை, வைகாசியோடு இந்தத் திருவிழா சீசன் முடியட்டும்.

உங்கள் அண்ணன் பக்கமும் கொஞ்சம் பார்ப்போம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, பங்குனி சித்திரைக் கச்சேரி அத்தனையும் போச்சு. அடுத்த வருஷம் சரியாக அதே மாதங்களில் இரண்டாம் அலை. வருஷச் சாப்பாட்டை அந்த மூன்று நான்கு மாதத்தில் சம்பாதிக்கிற தொழிலில் இரண்டு சீசன் அடுத்தடுத்துப் போனால் வட்டிக்கு வாங்காமல் தப்பித்தவர் குறைவு. விடியவிடிய நடந்த திருவிழாக் கச்சேரியும் முன்போல இல்லை. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-இலேயே விதி வந்துவிட்டது, மூன்று மணி நேரக் கச்சேரிக்குக் கமிட்டி அதற்கேற்ற காசுதான் பேசும். இதெல்லாம் அவர் தப்பு இல்லை.

ஆனால் திருச்சிக் குழுவும் இதே கொரோனாவைப் பார்த்ததுதானே, அவர்களும் 10 மணிக்கு மைக்கை அணைப்பவர்கள்தானே. அவர்களுக்கு மட்டும் எப்படிப் புக்கிங் வருகிறது? நீங்கள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து கடைசியாக ஒத்திகை பார்த்தது எப்போது, ட்ராக் இல்லாமல் முழுதாக வாசித்த கடைசிப் புதுப் பாட்டு எது என்று யோசித்துப் பாருங்கள். பதில் சொல்ல மாதக்கணக்கில் பின்னால் போகவேண்டி இருந்தால், பார்ட்டி கலைவது உங்களால் இல்லை. பேஸ் கிட்டார் போன இடத்தில் ஆள் போடாமல் ட்ராக்கை ஓட்டிய அன்றைக்கே அது ஆரம்பித்துவிட்டது.

அப்புறம் அந்த 11 கச்சேரி. இதில் எனக்குக் கோபமே வருகிறது, ஏனென்றால் நானும் தபேலா வாசித்து வயிறு வளர்த்தவன். கச்சேரி முடிந்து இரவு ஒரு மணிக்கு வேனுக்குள் லைட்டைப் போட்டு ஓனர் காசு எண்ணுவார். சவுண்ட் சர்வீஸ்காரருக்கு ஒரு கட்டு, வண்டிக்காரருக்கு, வெளியூரிலிருந்து வந்த பாடகிக்குக் கவர். நம் முறை வரும்போது தோளில் ஒரு தட்டு, “நீ நம்ம பையன்தானே, நாளைக்குப் பார்த்துக்கலாம்.” அப்போது அது பாசமாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது. அடுத்த கச்சேரியில் நீங்களே கவனியுங்கள், எல்லாருக்கும் பாக்கியா, உங்களுக்கு மட்டுமா? எல்லாருக்கும் என்றால் அவரிடம் நிஜமாகவே காசு இல்லை. உங்களுக்கு மட்டும் என்றால் ஒன்பது வருஷ விசுவாசத்தில்தான் அந்த வேன் ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் விலகியது மோசமான விதம். இரண்டு வருஷம் மனசுக்குள்ளேயே புழுங்கிவிட்டு ஒரு பங்குனி உத்திரத்தன்று போனை எடுக்காமல் வீட்டில் படுத்துக்கொண்டேன். மேடையில் தபேலா இல்லாமல் அவர்கள் தவித்த கதையைப் பிறகு கேட்டேன், இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது. காசு பாக்கி வைத்தவர் அவர், ஆனால் தலைகுனிந்து நடந்தவன் நான். உங்களுக்கு அது வேண்டாம்.

அதனால் ஒரு காலையில் அண்ணன் வீட்டுக்கே போங்கள், கச்சேரி முடிந்த களைப்பில் வேனில் வைத்துப் பேசாதீர்கள். “வைகாசி வரைக்கும் பிடித்த கச்சேரிக்கெல்லாம் வாசிக்கிறேன்ணே, ஆனியிலிருந்து வெளியில் போகிறேன்” என்று மாதத்தைச் சொல்லிவிடுங்கள். 11 கச்சேரியையும் தேதி, ஊர் போட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, மாதம் இவ்வளவு என்று தவணை கேளுங்கள், பிரசவச் செலவு இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். உங்கள் நோட்டில் பாட்டுக்குப் பாட்டு எந்த ஸ்கேல், எந்த இடத்தில் எந்தக் கார்ட் (chord) என்று எழுதி வைத்திருப்பீர்களே, அதை அடுத்து வருகிற பையனுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து நாலு நாள் கூட உட்காருங்கள். திருச்சிக் கச்சேரி இல்லாத தேதியில் அண்ணன் கூப்பிட்டால் தாராளமாகப் போய் வாசிக்கலாம், கவர் அன்றைக்கே வாங்கிக்கொண்டு.

திருச்சிக்காரர்களையும் கண்ணை மூடி நம்பவேண்டாம். மாதத்துக்கு எத்தனை தேதி என்று கேளுங்கள், கச்சேரி முடிந்து 100 கிலோமீட்டர் திரும்பிவர பஸ் காசு யாருடையது என்றும் கேளுங்கள். அவர்கள் கச்சேரி ஒன்றைக் கூட்டத்தில் நின்று பாருங்கள். அங்கேயும் லேப்டாப்தான் வாசிக்கிறது என்றால் 29 வயதில் உங்கள் விரல் என்ன ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

துரோகம் என்கிறீர்கள். எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் மெல்லிசைக் குழுவில் வாசித்தவர்தான் இளையராஜா. 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்தது, அவர் இசையமைப்பாளராகத் தன் வழியில் போனார், எஸ்.பி.பி. அவர் இசையில் எத்தனை பாட்டுப் பாடினார் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டுமா.

ஒன்றே ஒன்று மனதை உறுத்துகிறது, அந்தத் தோடு. அது மீட்கப்பட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. பேசப் போகிற அன்று அண்ணியும் வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போங்கள், அவரிடமும் நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். தோடு இன்னும் கடையில்தான் இருக்கிறது என்றால், அந்த 11 கச்சேரிக் காசில் முதல் தவணை அதை மீட்கப் போகட்டும்.