பட்டியலை ஸ்க்ரோல் செய்யும்போது ஆப் திக்குவது ஏன்?

நீண்ட பட்டியலை வேகமாகத் தள்ளினால் திரை விட்டுவிட்டு நகர்கிறது, படங்கள் வந்ததும் வரிசைகள் குதிக்கின்றன, எப்படிச் சரிசெய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், டீபக் பில்டை (பிழை தேடுவதற்காக உருவாக்கும் ஆப் பதிப்பை) வைத்து முடிவுக்கு வராதீர்கள், அது மந்தமாகத்தான் ஓடும். பயனர்களுக்குக் கொடுக்கும் ரிலீஸ் பில்டைக் கொஞ்சம் பழைய போனில் போட்டுப் பாருங்கள்.

60 ஹெர்ட்ஸ் திரையில், அதாவது நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில், ஒரு ஃப்ரேமுக்கு (ஒரு முறை வரையும் காட்சிக்கு) கிடைப்பது சுமார் 16.7 மில்லிசெகண்ட். 120 ஹெர்ட்ஸ் என்றால் 8.3தான். அதற்குள், திரை வேலைகளைக் கவனிக்கும் மெயின் த்ரெட் தன் வேலையை முடிக்காவிட்டால் அந்த ஃப்ரேம் போச்சு. அதுதான் கண்ணுக்குத் திக்கலாகத் தெரிகிறது.

என்னைக் கேட்டால், சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் படங்கள். 4000க்கு 3000 பிக்சல் உள்ள புகைப்படம் கோப்பாகச் சில எம்பிதான் இருக்கும். ஆனால் டிகோட் ஆனதும் (கோப்பிலிருந்து பிக்சல்களாக விரிந்ததும்), பிக்சலுக்கு 4 பைட் வீதம், மெமரியில் 48 எம்பி பிடிக்கும். அதையே 200 பிக்சல் சதுரமாகச் சுருக்கி டிகோட் செய்தால் 160 கேபிதான். டிகோட் வேலையும் மெயின் த்ரெட்டில் நடக்கக் கூடாது.

வரிசை குதிப்பதற்கு மருந்து எளிது: படத்தின் அகல உயர விகிதத்தை சர்வரே முன்கூட்டி அனுப்பட்டும், அந்த இடத்தை ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

அப்புறம், பட்டியல் காட்டுவதற்கென்றே ஆண்ட்ராய்டில் ரீசைக்ளர்வியூவும், ஃப்ளட்டர் என்ற ஆப் உருவாக்கும் கருவியில் லிஸ்ட்வியூ பில்டரும் இருக்கின்றன; இரண்டுமே திரையில் தெரிவதையும் அதை ஒட்டிய சிலவற்றையும் மட்டுமே உருவாக்கும். பலர் அந்தப் பில்டரை இன்னொரு ஸ்க்ரோலுக்குள் திணித்து ஷ்ரிங்க்ராப்பையும் (பட்டியலின் உயரத்தை உள்ளே இருப்பதன் அளவுக்கே வைக்கும் அமைப்பையும்) போட்டுவிடுகிறார்கள். உடனே எல்லா வரிசையும் ஒரேயடியாக உருவாகும், பில்டர் போட்டதே வீண். அங்கே, வெளி ஸ்க்ரோலின் பகுதியாகவே ஓடும் ஸ்லிவர் லிஸ்ட்டுக்கு மாறிவிடுங்கள்.