புழுக்கையில் நெளிவது புது இனப் புழுவா?

கேள்வி: எங்களிடம் 40 வெள்ளாடுகள் உள்ளன. மழைக்குப் பிறகு, புழுக்கையில் சோற்றுப் பருக்கை போல வெள்ளையாக ஏதோ நெளிகிறது. இரண்டு முறை குடற்புழு மருந்து ஊற்றியும் நிற்கவில்லை. மூன்று ஆடுகள் இறந்துவிட்டன. மருந்து விற்பவர் ஒருவர், இது யாரும் பார்த்திராத புது இனப் புழு, பழைய மருந்துக்குக் கட்டுப்படாது என்கிறார். புழுக்கையைக் கொடுத்தால் மரபணுச் சோதனை செய்து உறுதிப்படுத்தித் தருவாராம். செய்யலாமா? புது இனம் என்றால் யாரிடம் தெரிவிப்பது? (கரூர் மாவட்ட வாசகர்)

பதில்: செய்ய வேண்டாம். அந்தப் பணத்துக்குக் குட்டிகளுக்குத் தீவனம் வாங்கிப் போடுங்கள்.

நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால், புழுக்கையில் தெரிவது மொனீசியா என்ற நாடாப்புழுவின் துண்டுகள்தான். முதிர்ந்த கணுக்கள் அறுந்து புழுக்கையோடு வெளியே வருகின்றன. இந்தப் புழுவுக்கு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெயர் வைத்தாகிவிட்டது. மேய்ச்சல் நிலத்து மண்ணில் வாழும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள் வழியாக ஆட்டின் வயிற்றுக்குள் போகிறது. மழைக்குப் பிறகு கூடுவதில் அதிசயம் ஒன்றுமில்லை. பெரிய ஆடுகளை இது கொல்வது அரிது.

அப்படியானால் மூன்று ஆடுகளைக் கொன்றது எது? அனேகமாக, உங்கள் கண்ணில் படாத வேறொரு புழு. ஹீமாங்கஸ் கன்டார்டஸ் என்ற உருண்டைப்புழு, ஆட்டின் நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சுகிறது. புழுக்கையில் இதன் முட்டைதான் வரும். அதைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும். ஒரு புழு நாளொன்றுக்குச் சுமார் 0.05 மில்லி இரத்தத்தை வீணாக்கும் என்பது கணக்கு. ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி. 20 கிலோ ஆட்டின் உடம்பில் மொத்தமாக ஒன்றரை லிட்டர் இரத்தம்கூட இருக்காது. எத்தனை நாள் தாங்கும் என்று நீங்களே பாருங்கள். கீழ் இமையை விரலால் இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். சிவப்பு மறைந்து வெளிறியிருந்தால், தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கினால், சந்தேகம் இந்தப் புழுவின் மேல்தான். இமை நிறத்தை ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரித்துக் காட்டும் ஃபமாச்சா அட்டை தென்னாப்பிரிக்காவில் உருவானது. படிக்காதவர்கூட அரை மணி நேரத்தில் பழகிவிடலாம். அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கற்றுத்தராமல், முகாம் போட்டு எல்லா ஆட்டுக்கும் ஒரே மருந்தை ஊற்றி, எண்ணிக்கையை அறிக்கையில் ஏற்றுவதைத்தான் திட்டம் என்கிறோம்.

மருந்து கேட்காததற்குப் புது இனம் தேவையில்லை. பழைய இனமே போதும். தயாபெண்டசோல் என்ற குடற்புழு மருந்து 1961இல் சந்தைக்கு வந்தது. அதை எதிர்த்து நின்ற ஹீமாங்கஸ் பற்றிய அறிக்கை 1964இலேயே வந்துவிட்டது. நீங்கள் ஊற்றிய வெள்ளை மருந்து அல்பெண்டசோலாக இருந்தால், அதுவும் அதே குடும்பம்தான். மருந்து போய் ஒட்ட வேண்டிய புரதத்தில் ஒரே ஓர் இடம் மாறினாலும் புழு தப்பித்துவிடும். வெளித்தோற்றத்தில் எந்த வித்தியாசமும் தெரியாது. இதற்கு வழி செய்துகொடுத்தவர்கள் நாம்தான். எடை போடாமல் மூடியால் அளந்து ஊற்றுவது, செம்மறிக்கான அளவையே வெள்ளாட்டுக்கும் கொடுப்பது (வெள்ளாட்டின் உடம்பு இந்த மருந்தை வேகமாகச் சிதைத்துவிடும்), மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு மொத்தப் பட்டிக்கும் ஊற்றுவது என்று நடக்கிறது. அரைகுறை அளவில் பிழைத்த புழு அடுத்த தலைமுறையைப் பெற்றுப் போடுகிறது. சரியான அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள், கடைக்காரரிடம் கேட்காதீர்கள். சினை ஆடு இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

இனி அந்த விற்பனையாளர் விஷயம். இதே கதை ஒவ்வொரு மழைக்கும் புதுச் சட்டை போட்டு வருகிறது: பாட்டில் புதிது, பெயர் புதிது, விலை மூன்று மடங்கு. பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படித்தால், பெரும்பாலும் நீங்கள் ஏற்கெனவே ஊற்றியதே இருக்கும். இப்போது மரபணுவையும் சேர்த்துக்கொண்டார்கள். புழுக்கையில் ஐந்தாறு புழு இனங்களின் முட்டை, ஆடு தின்ற செடி, ஆட்டின் குடல் செல், பாக்டீரியா எல்லாம் கலந்திருக்கும். அதிலிருந்து வரும் தாளில் ‘பொருத்தம் இல்லை’ என்று அச்சாகியிருந்தால், அதற்குப் புது இனம் என்று பொருள் இல்லை. மாதிரி கெட்டிருக்கலாம், ஒப்பிட்டுப் பார்க்கும் தரவு இல்லாதிருக்கலாம். ஆட்டு ஹீமாங்கஸுக்கும் மாட்டில் காணப்படும் ஹீமாங்கஸ் பிளாசிக்கும் உள்ள வித்தியாசத்தையே பாருங்கள். பிளாசிக்கு 1893இல் பெயர் வைத்தார்கள். அது தனி இனமா, ஒன்றேதானா என்று நூறாண்டு சண்டை நடந்தது. 1995இல்தான், ஐடிஎஸ்-2 என்ற மரபணுப் பகுதியின் 231 எழுத்துகளில் மூன்றே மூன்று எழுத்துகள் நிலையாக மாறியிருப்பதைக் காட்டி வழக்கை முடித்தார்கள். அதற்கும் வயிற்றிலிருந்து எடுத்த முழுப் புழுக்கள் வேண்டியிருந்தன.

புது இனம் என்று சொல்ல முழுப் புழு வேண்டும், அதிலும் ஆண் புழு வேண்டும். அதன் வாலில் இருக்கும் விசிறி போன்ற விரிப்பையும், இணைசேரப் பயன்படும் இரண்டு ஊசிகளின் நீளத்தையும் அளப்பார்கள். தோலில் நீளவாக்கில் ஓடும் வரிகளை எண்ணுவார்கள். இத்தனையையும் ஏற்கெனவே பெயரிட்டவற்றோடு ஒப்பிட்டு, விளக்கத்தைப் பதிப்பித்து, மூல மாதிரியைக் கொல்கத்தாவில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வகம் போன்ற ஒரு காப்பகத்தில் வைக்க வேண்டும். விலங்கியல் பெயரிடலுக்கு உலகப் பொதுவிதிகள் இருக்கின்றன. மருந்துக் கம்பெனியின் சான்றிதழ் அதில் சேராது. நம் நாட்டிலேயே சுருங்கிப்போன ஓரிரு நாடாப்புழுக்களைப் பார்த்துவிட்டுப் புதுப்பெயர் சூட்டியவர்கள் உண்டு என்பதால், இந்த எச்சரிக்கையை ஆய்வாளர்களுக்கும் சொல்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. அடுத்து ஓர் ஆடு இறந்தால் புதைக்காமல், சில மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவமனைக்கோ மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கோ கொண்டுபோய்ப் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். “புழுதான், எழுதிக்கொள்கிறேன்” என்று கதவருகில் நின்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். நான்காம் இரைப்பையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தில், இரத்தம் நிறைந்த சிவப்புக் குடலைச் சுற்றி வெள்ளைக் கருப்பை முறுக்கிக்கொண்டு கிடக்கும் பெண் புழுக்களை வெறும் கண்ணிலேயே பார்க்கலாம். புழுவைச் சேகரித்தால் ஃபார்மலினில் போடவிடாதீர்கள், அதில் மரபணு சிதைந்துவிடும். எத்தனாலில் (ஆல்கஹால்) போடச் சொல்லுங்கள்.

புழுக்கை மாதிரியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதை ஆய்வகத்தில் இருப்பவர்களே மறந்துவிடுகிறார்கள். முட்டையை எண்ணுவதற்கு மட்டும் என்றால், புழுக்கையைத் தரையிலிருந்து பொறுக்காமல் ஆட்டிடமிருந்தே எடுத்து, காற்றுப் புகாமல் கட்டி, குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். உறைநிலைப் பகுதியில் மட்டும் கூடாது. ஆனால் முட்டைகளை வைத்து இனம் பிரிக்க முடியாது. ஹீமாங்கஸ், டிரைக்கோஸ்டிராங்கைலஸ், ஈசோபகோஸ்டோமம் ஆகிய உருண்டைப்புழுக்களின் முட்டைகள் எல்லாம் நுண்ணோக்கியில் ஒன்று போலவே இருக்கும். ஒரு வாரம், பத்து நாள் வளர்த்துப் புழுப்பருவத்துக்குக் கொண்டுவந்தால்தான் வாலின் நீளத்தைப் பார்த்துச் சொல்ல முடியும். அப்படி வளர்ப்பதற்கு அனுப்பும் மாதிரியைக் குளிரில் வைத்தால் ஹீமாங்கஸ் முட்டை செத்துப்போகும், மற்றவை பிழைத்துக்கொள்ளும். பிறகு “ஹீமாங்கஸ் இல்லை” என்று அறிக்கை வரும், நீங்களும் நம்பி மருந்தை மாற்றிக்கொண்டிருப்பீர்கள். ஆகவே வளர்ப்புக்கென்றால் குளிரில் வைக்காமல், நிழலில் வைத்து அன்றே கொண்டுபோய்ச் சேருங்கள். எண்ணுவதற்கும் வளர்ப்பதற்கும் இரண்டு தனிப் பொட்டலங்கள் போட்டு, பொட்டலத்தின் மேல் எது எதற்கென்று எழுதுங்கள். விண்ணப்பத்தில் அதற்கு இடம் இருக்காது.

மருந்து வேலை செய்கிறதா என்று அறிய, ஊற்றும் நாளன்று பத்துப் பதினைந்து ஆடுகளின் புழுக்கையில் முட்டைகளை எண்ண வேண்டும். 10 முதல் 14 நாள் கழித்து அதே ஆடுகளில் மறுபடி எண்ண வேண்டும். 95 சதவீதம் குறையவில்லை என்றால் அந்த மருந்தை உங்கள் பட்டியில் மூட்டை கட்டிவிட்டு, வேறு குடும்ப மருந்தை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். நாடாப்புழுவுக்கு வேண்டுமானால் பிராசிகுவாண்டல் தருவார். இத்தனைக்கும் பிறகு, பிரேதப் பரிசோதனையில் மருத்துவருக்கே அடையாளம் தெரியாத புழு வந்தால், எத்தனால் குப்பியோடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஒட்டுண்ணியியல் துறைக்கு அனுப்பச் சொல்லுங்கள். குப்பிக்குள் பென்சிலால் எழுதிய சீட்டு ஒன்றைப் போடுங்கள்: எந்த ஊர், எந்த நாள், எந்த ஆடு, வயிற்றின் எந்தப் பகுதி. பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.