மூன்று ஊரும் ஒரு எக்செல் ஷீட்டும்

அண்ணா, வணக்கம்.

உங்கள் தளத்தை ரொம்ப நாளாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. நான் எஸ்ஏபி (கம்பெனிகளின் நிர்வாக மென்பொருள்) கன்சல்டன்ட், பத்து வருடத்துக்கு மேல் அனுபவம். இந்த மாதக் கடைசியோடு கம்பெனி வேலையை விட்டுவிட்டுக் காண்ட்ராக்டில் இறங்குகிறேன். மூன்று இடங்களில் பேசினேன், மூன்றும் கூடிவரும் போலிருக்கிறது. துபாயில் மாதம் 28,000 திர்ஹாம், ஆறு மாதம், நவம்பர் 1 ஆரம்பம், கண்டிப்பாக நீட்டிப்பார்கள் என்கிறார்கள். சிங்கப்பூரில் ஆள் எடுத்துக் கொடுக்கும் ஒரு வெண்டர் வழியாக மாதம் 9,000 சிங்கப்பூர் டாலர், ஒரு வருடம். ஆம்ஸ்டர்டாமில் ஒரு பேரோல் கம்பெனி (தன் பெயரில் வேலைக்கு எடுத்துச் சம்பளம் போடுகிற கம்பெனி) வழியாக, வரிக்கு முன் மாதம் 6,500 யூரோ, அதுவும் ஒரு வருடம். விலைவாசி ஒப்பிடும் தளங்களைப் பார்த்து எக்செல் போட்டதில், வரி இல்லாததால் துபாய்தான் எங்கேயோ முன்னால் நிற்கிறது. மனைவி அக்கவுண்டன்ட்டாக வேலை பார்க்கிறாள், மகள் இரண்டாம் வகுப்பு. குடும்பத்தோடு போகத்தான் ஆசை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பெயர் வேண்டாம் அண்ணா, கோவை என்று மட்டும் போடுங்கள்.

*

அன்புள்ள தம்பி,

எக்செல்லைப் பார்த்தேன். பால், முட்டை, மெட்ரோ டிக்கெட், ஜிம் கட்டணம் வரைக்கும் போட்டிருக்கிறீர்கள். உழைப்பு தெரிகிறது. ஆனால் முட்டை விலை உங்கள் முடிவை மாற்றப்போவதில்லை. நிரந்தர வேலைக்குப் போய் ஐந்து வருடம் உட்காரப்போகிறவருக்கு அந்தத் தளங்கள் ஓரளவு உதவும். காண்ட்ராக்டில் போகிறவர் பார்க்க வேண்டிய கணக்கு வேறு: அந்த ஊருக்குள் நுழைய எவ்வளவு ஆகும், வேலை பாதியில் நின்றால் வெளியே வர எவ்வளவு ஆகும். இந்த இரண்டுக்கும் உங்கள் ஷீட்டில் ஒரு வரிகூட இல்லை.

முதலில் துபாய், அதுவும் அந்த "வரி இல்லை". துபாயில் இல்லை, சரி. உங்களுக்கு? நவம்பர் 1 அன்று வேலையில் சேர்ந்தால் ஏப்ரல் 1 முதல் அக்டோபர் கடைசி வரை 214 நாள் நீங்கள் இந்தியாவில் இருந்திருப்பீர்கள். ஒரு நிதியாண்டில் 182 நாளைத் தொட்டாலே நம் வருமான வரிச் சட்டப்படி நீங்கள் இந்தியாவில் வசிப்பவர், வெளிநாட்டில் சம்பாதித்ததற்கும் சேர்த்து இங்கே கணக்குக் காட்ட வேண்டும். நவம்பரிலிருந்து மார்ச் வரை ஐந்து மாதம், 1,40,000 திர்ஹாம், 33 லட்சம் ரூபாய்க்கு மேல். இதோடு ஏப்ரலிலிருந்து இங்கே வாங்கிய சம்பளமும் சேரும். புதிய வரிமுறையில் 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம். அங்கே வரி கட்டியிருந்தால் இங்கே கழித்துக்கொள்ளலாம், அங்கேதான் கட்டவே இல்லையே. இதே வேலை ஏப்ரல் முதல் வாரத்தில் ஆரம்பித்து ஏழு மாதம் ஓடினால் கதையே வேறு. ஏப்ரல் 1 அன்று கிளம்பி செப்டம்பர் கடைசியில் திரும்பினால்கூட நாள் கணக்கு 182-இல் போய் இடிக்கும், அவ்வளவு நெருக்கம். டிக்கெட் போடுவதற்கு முன்னால் ஆடிட்டரைப் பாருங்கள், பிறகு அல்ல.

அப்புறம் வீடு. துபாயில் வாடகை என்பது வருடக் கணக்கு, அதைத் தேதியிட்ட செக்குகளாக முன்கூட்டியே கொடுக்க வேண்டும். ஒரு பெட்ரூம் வீடு வருடத்துக்கு 80,000 திர்ஹாம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் நான்கு செக்குக்கு ஒத்துக்கொண்டால் முதல் செக் 20,000. டெபாசிட் 5 சதவீதம், 4,000. ஏஜெண்டுக்கு 5 சதவீதம், இன்னொரு 4,000. மின்சாரம், தண்ணீர் இணைப்புக்கு டெபாசிட் 2,000. கட்டில், ஃப்ரிட்ஜ் வாங்குவதற்கு முன்பே 30,000 போய்விட்டது. அதாவது முதல் மாதச் சம்பளத்தைவிட அதிகம், அந்தச் சம்பளமும் இன்னும் வந்திருக்காது. இதில் ஒரு சிக்கல் பலருக்கும் அங்கே போன பிறகுதான் உறைக்கிறது: எமிரேட்ஸ் ஐடி (அந்த நாட்டு அடையாள அட்டை) வந்தால்தான் பேங்க் அக்கவுண்ட், அக்கவுண்ட் இருந்தால்தான் செக் புக். துபாயின் அல் நஹ்தா பகுதியில் ஏஜெண்ட் ஆபீஸில் சாவியை மேஜைமேல் வைத்துக்கொண்டு "செக் எங்கே?" என்று கேட்பார், உங்கள் கையில் நுழைவு விசாவின் பிரிண்ட் மட்டும்தான் இருக்கும். மாதா மாதம் வரும் மின்சார பில்லோடு வருட வாடகையில் 5 சதவீதத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து நகராட்சிக் கட்டணமாகவும் சேர்த்துவிடுவார்கள். 80,000 வாடகைக்கு அது மாதம் 333 திர்ஹாம். உங்கள் எக்செல்லில் இதுவும் இல்லை.

இப்போது, ஆறாவது மாதம் "பட்ஜெட் இல்லை" என்று சொல்லிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு ஒப்பந்தம் பன்னிரண்டு மாதம். இடையில் காலி செய்ய வழி எழுதியிருந்தால் வழக்கமாக இரண்டு மாத வாடகை அபராதம். எழுதாமல் விட்டிருந்தால் வீட்டுக்காரர் மனசு வைக்க வேண்டும். போட்டுக்கொடுத்த செக்குகள் அவர் டிராயரில்தான் இருக்கும். பணம் இல்லாமல் செக் திரும்பினால் போலீஸ் கேஸ் என்ற நிலைமை 2022-க்குப் பிறகு பெரும்பாலும் போய்விட்டது, ஆனால் நேராகக் கோர்ட்டில் வசூலுக்குப் போகலாம், பயணத் தடை வரைக்கும் போகும். "கண்டிப்பாக நீட்டிப்பார்கள்" என்பதை நான் கேட்காத புராஜெக்டே இல்லை. அதை நம்பி வருட வாடகைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

அதனால் துபாய் என்றால் தனியாகப் போங்கள். மாத வாடகைக்குக் கிடைக்கும் ஃபர்னிஷ்டு ஸ்டுடியோ பார்க்க விலை அதிகமாகத் தெரியும், ஆனால் ஏஜெண்டும் இல்லை, செக்கும் இல்லை, பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். அங்கே இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளும் ஏப்ரலில்தான் ஆரம்பிக்கும். நவம்பரில் மகளை இழுத்துக்கொண்டு போய் வகுப்பின் நடுவில் சேர்ப்பதில் யாருக்கும் லாபமில்லை.

சிங்கப்பூரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் மூன்றில் எனக்குக் குறைவாகப் பிடித்தது அதுதான். ஊரைப் பற்றி ஒரு குறையும் இல்லை. வரி குறைவு, நீங்கள் சொன்ன சம்பளத்துக்கு வருடம் 6,500 டாலர் அளவில்தான் வரும். ஆனால் குடும்பத்துக்கு அரசு கட்டிய அடுக்குமாடியில் (ஹெச்டிபி) ஒரு முழு வீடு 3,000 டாலருக்குக் கீழே கிடைப்பது பெரும்பாடு. ஒப்பந்தத்தை இடையில் முறித்துக்கொள்ள உதவும் டிப்ளமாட்டிக் கிளாஸ் பெரும்பாலும் இரண்டு வருட ஒப்பந்தத்தில்தான் போடுவார்கள், அதுவும் முதல் பன்னிரண்டு மாதம் முடிந்த பிறகுதான் செல்லும். உங்கள் வேலையே பன்னிரண்டு மாதம்தான்! வேலை போய், அங்கே வேலை பார்க்கக் கொடுத்த பாஸை ரத்து செய்தால் பொதுவாக 30 நாளில் கிளம்ப வேண்டும். கிளம்பும்போது வரிக் கணக்கு முடியும்வரை உங்களுக்கு வர வேண்டிய கடைசிப் பணத்தைக் கம்பெனி பிடித்துவைக்கும், அது சட்டம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. உங்கள் மனைவி டிபெண்டன்ட் பாஸில் (உங்களைச் சார்ந்து வருகிறவர்களுக்கான அனுமதி) வந்தால் 2021 மே மாதத்திலிருந்து அதை வைத்து வேலை பார்க்க முடியாது, தனியாக வேலை பாஸ் வாங்க வேண்டும். அரசுப் பள்ளியில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இடம் கடைசியில்தான். ஆக ஒரு சம்பளம் போய், தனியார் பள்ளிக் கட்டணம் சேரும். தனி ஆளாக இருந்தால் சிங்கப்பூருக்கு ஓடுங்கள் என்றிருப்பேன்.

ஆம்ஸ்டர்டாம்தான் யோசிக்க வேண்டியது. உங்கள் ஷீட்டில் அது கடைசியில் கிடக்கிறது, ஏனென்றால் முழு வரியையும் கழித்துவிட்டீர்கள். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு எடுக்கப்படுகிறவர்களுக்கு அங்கே 30 சதவீதச் சலுகை என்று ஒன்று உண்டு, சம்பளத்தில் 30 சதவீதம் வரையிலான பகுதிக்கு வரி கிடையாது (2027 முதல் அது 27 ஆகிறது). 2025 விகிதப்படி நான் போட்ட கணக்கில், 6,500-இல் சலுகை இல்லாவிட்டால் கைக்கு 4,400 யூரோவுக்குக் கொஞ்சம் கீழே, சலுகையோடு 5,300-ஐத் தாண்டும். மாதம் ஏறக்குறைய 1,000 யூரோ வித்தியாசம், ஆம்ஸ்டர்டாமில் குடும்பம் மூச்சு விடுவதும் திணறுவதும் அந்த ஆயிரத்தில்தான் இருக்கிறது. கம்பெனியும் நீங்களும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். சேர்ந்து நான்கு மாதத்துக்குள் கொடுத்துவிட்டால் முதல் நாளிலிருந்தே கணக்கில் வரும். சொந்தமாக ஃப்ரீலான்ஸ் என்று பதிந்துகொண்டு போகிறவர்களுக்கு இது கிடைக்காது, அதனால் பேரோல் வழி என்பது உங்கள் விஷயத்தில் நல்லதுதான்.

வீடு கிடைப்பது கஷ்டம், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. ஆம்ஸ்டர்டாமை ஒட்டி, நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் ஆம்ஸ்டல்வேனில் இரண்டு பெட்ரூமுக்கு 2,000 யூரோவுக்கு மேல் கேட்பார்கள், வாடகையைப்போல மூன்று மடங்கு சம்பளம் காட்டு என்பார்கள், உங்கள் ஒரு வருட வேலை ஒப்பந்தத்தைப் பார்த்ததும் முகம் சுளிப்பார்கள். இன்னொன்று, "இங்கே முகவரிப் பதிவு கூடாது" என்று சொல்லி விலை குறைத்து விடும் வீடுகள். அந்தப் பக்கமே போகாதீர்கள். நகராட்சியில் முகவரி பதிந்தால்தான் உங்களுக்கு அடையாள எண், அந்த எண் இல்லாமல் சம்பளம் முதல் மருத்துவக் காப்பீடு வரை ஒவ்வொன்றும் இழுபறி. ஆனால் உள்ளே போய்விட்டால் சட்டம் உங்கள் பக்கம். டெபாசிட் இரண்டு மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது, குறைந்தபட்சக் காலம் எதுவும் ஒப்பந்தத்தில் எழுதாமல் இருந்தால் பொதுவாக ஒரு மாத நோட்டீஸில் காலி செய்யலாம். வேலை போனால் வேறு வேலை தேட மூன்று மாதம் வரை அவகாசம் தருகிறார்கள். உங்கள் மனைவி தனி அனுமதி எதுவும் வாங்காமல் வேலை பார்க்கலாம். மருத்துவக் காப்பீடு கட்டாயம், பெரியவர் ஒருவருக்கு மாதம் 150 யூரோவுக்கு மேல் ஆகும், பதினெட்டு வயது வரை பிள்ளைகளுக்கு இலவசம். பள்ளியும் இலவசம், டச்சு மொழியில். புதிதாக வரும் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு வைத்திருக்கிறார்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒரு வருடம் டச்சு கற்றுக்கொண்டு திரும்பி வந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது, பத்தாம் வகுப்பு என்றால் வேண்டாம் என்றிருப்பேன்.

எந்த ஊரானாலும் ஒப்பந்தத்தில் பணம் வரும் தேதியைப் பாருங்கள். இன்வாய்ஸ் கொடுத்து 30 நாள், 45 நாள் என்று இருந்தால் முதல் காசைப் பார்க்கவே இரண்டு, இரண்டரை மாதம் ஆகிவிடும். "கிளையண்ட் கொடுத்த பிறகே வெண்டர் கொடுப்பார்" என்று ஒரு வரி ஒளிந்திருக்கும், அதை அடிக்கச் சொல்லுங்கள். அந்த வரியைக் காட்டியே ஒரு வெண்டர் என் பணத்தை மாதக்கணக்கில் நிறுத்திவைத்தார், நான் அந்த ஊர் வாடகையை இங்கிருந்து கடன் வாங்கிக் கட்டினேன். டிசம்பர் கடைசியில் கிளையண்ட் ஆபீஸை மூடினால் அந்த நாட்களுக்குக் காசு உண்டா என்றும் கேளுங்கள். நாள் கூலிக்குப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் இல்லை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஆம்ஸ்டர்டாம், மூன்று கேள்விக்கு எழுத்தில் பதில் வந்தால். பேரோல் கம்பெனி குடிவரவுத் துறை அங்கீகரித்த பட்டியலில் இருக்கிறதா (பட்டியல் இணையத்திலேயே இருக்கிறது, நீங்களே தேடிப் பாருங்கள்). 30 சதவீதச் சலுகை முழுதும் உங்களுக்கா, இல்லை அதைக் காட்டிச் சம்பளத்தைக் குறைப்பார்களா. அந்த 6,500-க்குள் மே மாதம் தரும் 8 சதவீத விடுமுறைப் பணமும் அடக்கமா, தனியா. இதில் ஒன்றுக்காவது மழுப்பினால் துபாய்க்குத் தனியாகக் கிளம்புங்கள், இந்திய வரியைக் கழித்த பிறகு என்ன நிற்கிறது என்று தெரிந்துகொண்டு.

பதில் வந்ததும் பெயர்களை மறைத்து ஒப்பந்தத்தை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். மனைவியிடமும் அந்த எக்செல்லைக் காட்டுங்கள். அக்கவுண்டன்ட் வீட்டிலேயே இருக்கும்போது நீங்கள் ஏன் தனியாகக் கணக்குப் போடுகிறீர்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.