ஏசியில் வடியும் தண்ணீர்

கேள்வி: எங்கள் வீட்டில் புதிதாக ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி பொருத்தியிருக்கிறோம். அது வெளிக்காற்றை இழுத்துக் குளிர வைக்கிறதா? மழையே இல்லாத மே மாதத்திலும் அதன் குழாயில் வாளி நிறையத் தண்ணீர் வடிகிறதே, எப்படி? 16 டிகிரியில் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்று என் மகன் சொல்வது சரியா?
- வாசகி, நாகப்பட்டினம்

பதில்: வெளிக்காற்றை அது இழுப்பதில்லை. அறையில் இருக்கும் அதே காற்றைத்தான் உள்ளே மாட்டியிருக்கும் பெட்டியின் விசிறி திரும்பத் திரும்ப இழுத்து, குளிர்ந்த காயிலின் (சுருள் குழாயின்) மேல் செலுத்துகிறது. காயிலுக்குள் ஓடும் ஆர்-32 போன்ற திரவம் சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். உள்ளே அழுத்தம் கூடுதலாக இருப்பதால் ஏறக்குறைய 10 டிகிரியில் கொதிக்கிறது. ஊசி போடுமுன் தடவும் ஸ்பிரிட், ஆவியாகும்போது தோலின் சூட்டை எடுத்துக்கொள்வது போல, இந்தத் திரவமும் ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. வெளியே இருக்கும் கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்தி, வெயிலைவிடச் சூடாக்குவதால்தான் வெப்பம் அதிலிருந்து வெளிக்காற்றுக்குப் போக முடிகிறது. ஆவி மீண்டும் திரவமாகி, ஒரு குறுகலான வழியில் அழுத்தம் தணிந்து, குளிர்ந்து உள்ளே திரும்புகிறது. இந்த 'கேஸ்' செலவாகிற பொருள் அல்ல என்பதால், ஆண்டுதோறும் நிரப்ப வேண்டும் என்று யாராவது சொன்னால், கசிவு எங்கே என்று முதலில் கேளுங்கள்.

தண்ணீரைப் பற்றி நீங்கள் கேட்டதுதான் முக்கியமான கேள்வி. உங்கள் ஊர்போன்ற கடலோரத்தில் கோடைக்காற்றின் ஒவ்வொரு கனமீட்டரிலும் 20 கிராமுக்கு மேல் நீராவி இருப்பது வழக்கம். 10 டிகிரிக் காற்றோ 9 கிராம் அளவுக்குத்தான் தாங்கும். மிச்சம் காயிலின் மேல் துளியாகப் படிந்து குழாய் வழியே வடிகிறது. கதவு, சன்னல் இடுக்குகளில் நுழையும் காற்றும், நம் மூச்சும் வியர்வையும் அந்த ஈரத்தை ஓயாமல் கொண்டுவந்து சேர்க்கின்றன. ஒரு லிட்டர் தண்ணீர் சேரும் அளவு நீராவியைக் குளிர்வித்துத் திரவமாக்க ஏறத்தாழ 2,450 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஒன்றரை டன் இயந்திரம் முழு வலுவுடன் கிட்டத்தட்ட எட்டு நிமிடம் செய்யும் வேலை அது. வியர்வை எளிதில் உலர்ந்து உடல் இதமாக உணர்வதற்கு இந்த ஈரநீக்கமே பாதிக் காரணம் என்பேன். 1902-இல் வில்லிஸ் கேரியர் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக வடிவமைத்த முதல் அமைப்பின் நோக்கமும், ஈரத்தால் தாள் விரிந்து வண்ணங்கள் விலகி விழுவதைத் தடுப்பதுதான்.

உங்கள் மகன் சொல்வது சரியல்ல. சாதாரண கம்ப்ரஸர் 16-இல் வைத்தாலும் 24-இல் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் ஓடும். தேவைக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும் இன்வெர்ட்டர் வகையும், அறை நன்றாகச் சூடாக இருக்கும் தொடக்க நேரத்தில் எப்படியும் வேகமாகவே ஓடும். 16 என்பது இயந்திரம் எப்போது ஓய வேண்டும் என்பதற்கான எல்லை மட்டுமே. மே மாதத்து அறை பெரும்பாலும் அந்த எல்லையைத் தொடுவதே இல்லை என்பதால், மின்கட்டணம்தான் ஏறும். நட்சத்திர முத்திரை பெறும் அறை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைந்திருக்க வேண்டும் என்ற விதி 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் இருக்கிறது. நீங்கள் 25 அல்லது 26-இல் வைத்து, மின்விசிறியை மெதுவாகச் சுழலவிடுங்கள். கதவின் அடியிலுள்ள இடைவெளியை ஒரு துணியால் அடைத்துப் பாருங்கள். வாளியில் சேரும் தண்ணீர் குறையும்.