42 அகலமா, 36 குறுகலா? ஹேண்டில்பார் வாங்கும் முன்

கேள்வி: வணக்கம் அண்ணா. பினாங்கில் பாயான் லெப்பாஸில் வேலை செய்கிறேன். உயரம் 158 சென்டிமீட்டர். போன வருடம் செகண்ட் ஹேண்டில் ஒரு ரோடு பைக் வாங்கினேன், அதில் இருப்பது 42 சென்டிமீட்டர் ஹேண்டில்பார். தெலுக் பஹாங் வழியாக பாலிக் பூலாவ் போய் வந்தால் கழுத்தும் தோளும் பிடித்துக்கொள்கின்றன, விரல்கள் மரத்துப் போகின்றன. கூட ஓட்டுகிறவர்கள் "36 போடு, வேகமும் வரும்" என்கிறார்கள். கடைக்காரர் 40 போதும் என்கிறார். பிளவுஸுக்கு எடுத்த ஷோல்டர் அளவு பதினான்கரை அங்குலம். எதை வாங்கட்டும்?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் 42 உங்களுக்கு அகலம்தான். ஆனால் பிளவுஸ் அளவை நம்பி வாங்கிவிடாதீர்கள். தையற்காரர் தையல் எங்கே விழ வேண்டுமோ அங்கே அளப்பார். டேப்பும் முதுகு வளைவின் மேல் போகும். நமக்கு வேண்டியது எலும்புக்கு எலும்பு அளவு. சுவரில் முதுகை ஒட்டி நில்லுங்கள். வீட்டில் யாரையாவது கழுத்திலிருந்து தோளின் மேலாக விரலால் அழுத்திக்கொண்டே வெளிப்பக்கம் போகச் சொல்லுங்கள். எலும்பு முடிந்து சதை தொடங்கும் இடம் விரலுக்கே தெரியும். இரண்டு பக்கமும் அதற்கு நேராகச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். கைத்தசையையும் சேர்த்து அளந்தால் பல சென்டிமீட்டர் கூடிவிடும்.

அடுத்து, உங்கள் ஹேண்டில்பாரையும் (சுருக்கமாக 'பார்') அளந்து பாருங்கள். 42 என்று அச்சடித்திருப்பதில் ஒரு குழப்பம் உண்டு. சில கம்பெனிகள் குழாயின் நடுவிலிருந்து நடுவுக்கு அளக்கின்றன, சில வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு. குழாய் சுமார் 24 மில்லிமீட்டர் தடிமன் என்பதால் இரண்டுக்கும் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். நடுவை எப்படிக் கண்டுபிடிப்பது என்று திண்டாட வேண்டாம். இடது முனையின் இடது விளிம்பிலிருந்து வலது முனையின் இடது விளிம்பு வரை அளந்தால் அதுவே நடுவுக்கு நடு. இதே மாதிரி ஹூட் பக்கமும், அதாவது பிரேக் லிவருக்கு மேல் கை வைக்கும் ரப்பர் பிடிப் பக்கமும், அளந்து பாருங்கள். கீழ்ப்பக்கம் விரிந்திருக்கும் பார் என்றால் இரண்டும் ஒன்றாக இருக்காது. உங்கள் கை பெரும்பாலான நேரம் ஹூட்டில்தான் இருக்கிறது, அதனால் அந்த அளவுதான் முக்கியம்.

தோள் எலும்பளவும் ஹூட்டின் நடுவுக்கு நடு அளவும் ஏறக்குறைய ஒன்றாக வந்தால் போதும். உங்கள் அளவு 36, 37 என்று வந்தால் நான் 38 தான் போடச் சொல்வேன். 36 தப்பில்லை. ஆனால் தித்தி கெராவாங் பக்கம் வளைந்து வளைந்து இறங்கும்போது, 42க்குப் பழகிய கைக்கு அது திடீரென்று துறுதுறுவென்று திரும்புவதுபோல இருக்கும்.

வேகம் வரும் என்று நண்பர்கள் சொல்வது பொய்யில்லை. கை உள்ளே வந்தால் காற்றில் படும் உடம்பு குறையும். ஆனால் சமதரையில் மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் போகும்போதுதான் அது உருப்படியாகத் தெரியும். மேட்டில் பத்தில் ஏறும்போது காற்று எங்கே வந்தது? பந்தய வீரர்கள் குறுக்கிக்கொண்டே போனதால்தான் உலக சைக்கிள் சம்மேளனம் குறைந்தபட்ச அளவு வைத்தது. 2023 தொடக்கத்தில் வெளி விளிம்புக்கு 35 சென்டிமீட்டர், 2026 ஜனவரி முதல் 40. இது சின்ன உடம்புக்காரப் பெண்களுக்குப் பொருந்தாது என்று எதிர்ப்பும் வந்தது, நியாயமான எதிர்ப்புதான். நமது ஞாயிற்றுக்கிழமை சவாரிக்கு அந்த விதியெல்லாம் கிடையாது.

அப்புறம் அந்த மரத்துப்போகிற விஷயம். பாரைக் குறுக்கினால் கழுத்தும் தோளும் இளகும் என்று நம்பலாம். விரலுக்கு அப்படி உறுதி சொல்ல மாட்டேன். எந்த விரல் என்று கவனியுங்கள். சுண்டு விரலும் மோதிர விரலும் என்றால் உள்ளங்கையின் வெளிப்பக்க நரம்பு நசுங்குகிறது. பெரும்பாலும் உடம்பு பாரம் கைக்கு வந்துவிட்டது என்று பொருள். முதலில் சீட்டைப் பாருங்கள். அதன் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் நீங்கள் முன்னால் வழுக்கிக்கொண்டே இருப்பீர்கள், கைதான் தாங்கும். அதை மட்டமாக்கப் பத்துக் காசு செலவில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்றால் மணிக்கட்டு மடிந்தபடி ஓட்டுகிறீர்கள்; பாரைக் கொஞ்சம் சுழற்றி, கை நேராக நிற்கும்படி ஹூட்டை வையுங்கள். பைக்கை விட்டு இறங்கிய பிறகும் நாள்கணக்கில் மரத்தே இருந்தால் டாக்டரைப் பாருங்கள்.

பார் குறுகினால் கை எட்ட வேண்டிய தூரமும் சற்றுக் குறையும், உங்களுக்கு அது நல்லதுதான். புது பாரின் ரீச், அதாவது பார் முன்னால் நீளும் தூரம், எவ்வளவு என்று கடையில் கேளுங்கள், 70 முதல் 75 மில்லிமீட்டருக்குள் பாருங்கள். பழையது 85 என்றால் அங்கேயே ஒரு சென்டிமீட்டர் கிட்டே வந்துவிடும். அதனால் பாரை பைக்கோடு இணைக்கும் ஸ்டெம்மை இப்போதே மாற்றாதீர்கள். புது பாரில் சில வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கேபிள் ஸ்டெம்முக்குள் போகும் பைக் என்றால் கூலி எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள், அதில் வேலை அதிகம்.

பாரில் சுற்றியிருக்கும் பழைய டேப்பைப் பிரிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். நம் ஊர் வியர்வையும் ஈரமும் டேப்புக்குள் தேங்கி அலுமினியத்தை அரிக்கும். லிவரைப் பிடித்திருக்கும் வளையத்தைச் சுற்றி வெள்ளைப் பொடியோ சின்னக் குழிகளோ தெரிந்தால், அந்த பாரை யாருக்கும் விற்காமல் தூக்கிப் போடுங்கள். ஸ்டெம் போல்ட்டை அதில் எழுதியிருக்கும் அளவுக்கு, பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர், முடுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் முடுக்கச் சொல்லுங்கள். கார்பன் பார் செகண்ட் ஹேண்டில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், உள்ளே விரிசல் விட்டிருந்தால் வெளியே தெரியாது.