நண்பனோடு ஆஸ்திரேலியப் பாலைவனமும் கடற்கரை நகரங்களும் சுற்றினால் நட்பு தாங்குமா?

கேள்வியைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் வயிற்றெரிச்சலும். "மூன்று வாரம், ஒரே நண்பன், அவுட்பேக்கும் (உள்நாட்டுப் பாலைவனம்) கடற்கரை ஊர்களும், கையில் காசு கம்மி. சண்டை போடாமல் திரும்ப முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். என் ஊகம் இதுதான்: உங்கள் நண்பர் டிக்கெட் விலையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்ப ஆரம்பித்துவிட்டார், நீங்கள்தான் இன்னும் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சண்டை வரும். ஆனால் நீங்கள் பயப்படுகிற இடத்தில் வராது. பாலைவனத்தில் எங்களுக்குள் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. சிட்னிக்குப் போய்த்தான் ஒரு பகல் முழுக்க முகம் கொடுக்காமல் இருந்தோம்.

2019 ஜூலை. அடிலெய்டில் என் படிப்பு முடிந்த நேரம். கூடப் படித்த பள்ளிக்கூட நண்பன் திருமங்கலத்திலிருந்து வந்து இறங்கினான். (பெயர் வேண்டாம், அவனும் இந்தத் தளத்தில்தான் இருக்கிறான்.) பாலைவனம் என்றதும் அவன் மூட்டை கட்டியது ஆறு பனியன், இரண்டு அரைக்கால் சட்டை, ஒரு தொப்பி. அங்கே ஜூலை குளிர்காலம். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கம் விடியற்காலையில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். முதல் ராத்திரியே என் ஸ்வெட்டர் அவன் உடம்புக்குப் போனது. வடகோடியில் டார்வின் போய் வெயில் அடித்த பிறகுதான் கழற்றினான்.

"பேக்பேக்கிங்னு சொல்லிட்டு வண்டியில போனீங்களா?" என்று கீழே யாராவது எழுதுவார்கள், அதற்கு இப்போதே பதில். அடிலெய்டிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு அப்போது பஸ் இருந்தது, இருபது மணி நேரப் பயணம். ஆனால் நெடுஞ்சாலையை விட்டு விலகி பாலைவன நடுவில் நிற்கும் செம்பாறை மலையான உளுரு வரை அது நம்மைக் கொண்டுபோய் விடாது. எங்களுக்குக் கிடைத்தது ரீலொகேஷன் வண்டி. வாடகைக் கம்பெனிக்கு ஒரு கேம்பர்வேன் (உள்ளேயே படுத்துத் தூங்கக்கூடிய வண்டி) டார்வினுக்குப் போயாக வேண்டும், ஓட்டிக்கொண்டு போய் விட்டால் வாடகை நாளுக்கு ஒரு டாலர்தான். ஏழு நாளில் சாவியை ஒப்படைக்க வேண்டும். இதைவிட மலிவாக யாராவது போயிருந்தால் அவர்களுக்கு என் வணக்கம்.

போர்ட் அகஸ்டாவில் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை பிடித்தால் டார்வின் வரை 2,700 கிலோமீட்டருக்கு மேல் ஒரே ரோடு. கிளெண்டாம்போ என்று ஒரு ஊர். ஆடு 22,500, ஈ தோராயமாக 20 லட்சம், மனிதர் 30 என்று போர்டு வைத்திருந்தார்கள். அங்கே டீசல் போடச் சொன்னேன். "அடுத்த பங்க்ல போட்டுக்கலாம் மாப்ள" என்றான். நம்மூரில் நூறு ரூபாய்க்கு பெட்ரோல் போட்டே பழகியவன். அடுத்த பங்க் கூபர் பீடியில், சுமார் 250 கிலோமீட்டர் தள்ளி. நான் இறங்கிப் போய் டேங்கை நிரப்பினேன். அவன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். அவ்வளவுதான் சண்டை.

பாலைவனத்தில் ஏன் சண்டை பெரிதாகவில்லை என்று பிறகு யோசித்திருக்கிறேன். அங்கே முடிவெடுக்க ஒன்றுமே இல்லை. ஒரே ரோடு, ஒரே பங்க், கடையில் இருப்பதும் இறைச்சி அடைத்துச் சுட்ட அதே மீட் பை, அதே காபி. பொழுது சாயும் முன் வண்டியை ஓரங்கட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் கங்காரு குறுக்கே பாயும். 53 மீட்டர் நீளத்தில் ரோடு டிரெய்ன், அதாவது பல டிரெய்லர்களை இழுக்கும் லாரி, எதிரே வந்தால் (நம்மூர் பஸ் நான்கை வரிசையாக நிறுத்தினாலும் அந்த நீளம் வராது) இருவருமே வாயை மூடிக்கொண்டு ஸ்டீயரிங்கைப் பார்ப்போம். இதில் எங்கே சண்டை போடுவது?

கூபர் பீடியில் ஒரு ராத்திரி தரைக்கடியில் படுத்தோம். 1915இல் ஓப்பல் கல் கிடைத்து உருவான ஊர். வெளியே வெயில் எரித்தாலும் குளிர் வாட்டினாலும் குடைந்த வீட்டுக்குள் ஒரே இதம். ஊரைச் சுற்றி ஆயிரக்கணக்கான குழிகள். "ஓடாதே, பின்பக்கமாக நடக்காதே" என்று படம் போட்டே எச்சரிக்கிறார்கள். நம்மாள் அந்த போர்டையே செல்ஃபியில் பிடிக்கப் பின்பக்கமாக நடந்தான். சட்டையைப் பிடித்து இழுத்தேன். அப்போதும் சண்டையில்லை, திட்டு மட்டும்தான்.

உளுருவுக்கு வருவோம். எர்ல்டண்டா என்ற இடத்தில் மேற்கே திரும்பிக் கொஞ்ச நேரத்தில் இடது பக்கம் தட்டையான தலையோடு ஒரு பெரிய மலை எழும்பியது. "மாப்ள, உளுருடா!" என்று கத்தி வண்டியை நிறுத்தினான். நாற்பது போட்டோ. அதில் சிறந்ததை அப்போதே அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் போட்டான், டவர் இல்லாததால் அது கடிகாரச் சின்னத்தோடு நின்றது. நான் மட்டும் அங்கிருந்த பலகையைப் படித்தேன். அது கானர் மலை. வருகிறவர்கள் வழக்கமாக ஏமாறுகிற இடமாம். டீசல் கோபம் மிச்சமிருந்ததால் நான் சொல்லவில்லை.

நிஜ உளுரு தெரிந்ததும் அவனுக்கே புரிந்துவிட்டது, ரொம்ப நேரம் பேசவில்லை. அந்த வருடம் அக்டோபர் 26 முதல் மலை ஏறுவதை நிறுத்தப்போவதாக அறிவித்திருந்தார்கள். 1985இல் அந்த மண்ணின் பூர்வகுடிகளான அனங்கு மக்களிடம் நிலத்தைத் திருப்பிக் கொடுத்ததும் அதே தேதியில்தான். அதனால் கடைசி வாய்ப்பு என்று கூட்டம் அலைமோதியது. "ஏறாதீர்கள், இது எங்களுக்குப் புனிதமான இடம்" என்று அனங்கு மக்கள் வருடக்கணக்காகப் பலகை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஏறமாட்டேன் என்றேன், அவன் ஏறுவேன் என்றான். நான் பெரிய ஒழுக்கசீலன் இல்லை. நம்ம ஊர்க் கோயிலுக்குள் ஒருவன் செருப்போடு வந்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று தோன்றியது, அவ்வளவுதான். காலையில் போனால் பலத்த காற்று, ஏறும் வழியை மூடிவிட்டார்கள். "ஒரு நாள் இருந்து பாப்போம்டா" என்றான். ஏழு நாள் கணக்கு இடித்தது. மலையைச் சுற்றி பத்து கிலோமீட்டர் நடந்தோம். முடிஜுலு என்ற சுனையில் பாறை நிழலில் குளிர்ந்த தண்ணீர், குகைச் சுவரில் பழைய ஓவியங்கள். அங்கே அரை மணி நேரம் அவனே சும்மா உட்கார்ந்திருந்தான். அந்தக் காற்றை நான்தான் வரவழைத்தேன் என்று மட்டும் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறான்.

டார்வினில் வண்டியை ஒப்படைத்தபோது கண்ணாடியில் ஒரு கல் தெறித்த புள்ளி. முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். சரி, கல் தெறித்தது உண்மை. ஆனால் அடிலெய்டில் நான் குடியிருந்த வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? சமையல் மேடையில் மஞ்சள் கறை என்று 180 டாலரைக் கழித்தார். மஞ்சள் கறை வெயில் பட்டால் தானாகப் போய்விடும் என்று அந்த மனிதருக்கு மூன்று முறை மின்னஞ்சல் எழுதினேன். பதிலே இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் இத்தனை வருடக் கடுப்பை வேறு எங்கே எழுதுவது?

டார்வினில் மிண்டில் கடற்கரைச் சந்தை, வியாழக்கிழமை மாலை. கடலைப் பார்க்கலாம், குளிக்க முடியாது, முதலை. அதுவரைக்கும் சமாதானம்.

சிட்னிக்கு வந்தோம். எட்டுக் கட்டில் போட்ட ஹாஸ்டல் அறை, ஆளுக்கொரு செல்போன், நிமிஷத்துக்கொரு யோசனை. சர்குலர் கீ படகுத்துறையில் நின்றுகொண்டு நான் மேன்லி கடற்கரைக்குப் படகு என்கிறேன், அவன் பெண்டில் ஹில் போய்க் கொத்து ரொட்டி சாப்பிடலாம் என்கிறான். ஈழத்தமிழர் கடைகள் இருக்கிற பகுதி, மேற்கே ரயிலில் முக்கால் மணி நேரம். "கடலு எங்கயும் ஓடாது மாப்ள, பசிக்குது" என்றான். "கொத்து ரொட்டி திங்கவா இவ்வளவு தூரம் வந்த?" என்றேன். அதிலிருந்து யார் எவ்வளவு செலவு செய்தார்கள், யார் ஸ்வெட்டரை யார் அழுக்காக்கினார்கள் என்று போனது. இரண்டு வாரம் எங்கேதான் ஒளித்து வைத்திருந்தோமோ! நான் படகில் ஏறினேன், அவன் ரயிலில் ஏறினான். மேன்லி அழகாகத்தான் இருந்தது. தனியாகப் பார்த்ததில் பாதி நினைவில் இல்லை.

அதனால் நகரத்தில் பாதி நாளாவது ஆளுக்கொரு பக்கம் போய்விடுங்கள், முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு. செலவுக் கணக்கை ராத்திரியே முடித்துவிடுங்கள். 18 முதல் 30 வயதுக்குள் என்றால் ஒர்க் அண்ட் ஹாலிடே விசாவையும் பாருங்கள். 2024இலிருந்து இந்தியர்களுக்கும் வருடத்துக்கு 1,000 பேர் என்று குலுக்கலில் தருகிறார்கள். எங்கள் காலத்தில் அது கிடையாது.

போன பொங்கலுக்குத் திருமங்கலம் போயிருந்தேன். அந்தக் கடிகாரச் சின்னத்துப் படம் உளுரு பக்கத்து ஊரான யுலாரா வந்து டவர் கிடைத்ததும் தானாகப் போய்விட்டதாம், அவன் அம்மா அதைப் பெரிதாக்கி ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார். வந்த சொந்தக்காரர்களிடம் காட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீயும் போனியேப்பா, இதானே அந்த உளுரு?"

அவன் என்னைப் பார்த்தான். "ஆமாம்மா" என்றேன்.