வயிறு நிறைந்த பிறகும் இனிப்பைக் கண்டால் கை நீள்வது ஏன்?

வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகும் இனிப்பை விட முடியவில்லையே, எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். மனக்கட்டுப்பாட்டை இதில் இழுக்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

பசியைத் தீர்மானிப்பது வயிறு மட்டுமல்ல. மூளையின் அடியில் ஹைபோதலாமஸ் என்று சின்னதாக ஒரு பகுதி இருக்கிறது. அங்கே ஒரு வகை நரம்பணுக்கள் 'சாப்பிடு' என்று பிடுங்கும், இன்னொரு வகை 'போதும்' என்று அடக்கும். காலி வயிற்றில் சுரக்கும் கிரெலின் என்ற ஹார்மோன் முதல் கூட்டத்தைக் கிளப்பிவிடும். 1994-இல் கண்டுபிடிக்கப்பட்ட லெப்டின் என்ற இன்னொரு ஹார்மோன் உடம்பின் கொழுப்பிலிருந்து வருகிறது. கையிருப்பு இருக்கிறது என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. எடை குறைந்தால் லெப்டினும் குறையும். மூளை அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டிவிடும். டயட்டை விட்டவர்களைக் கிண்டல் செய்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இனிப்பு விஷயத்துக்கு வருவோம். ஒரே சுவையைச் சாப்பிடச் சாப்பிட அந்தச் சுவை மேல்தான் ஆசை குறைகிறது, எல்லாவற்றின் மேலும் இல்லை. காரம் போதும் போதும் என்று ஆன பிறகும் இனிப்பு புதிதாகத்தான் தெரியும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஞாபகத்தின் பங்கு. புதிதாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாத இரண்டு நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 1998-இல் வந்தது. மதியச் சாப்பாடு முடிந்து தட்டை எடுத்துவிடுவார்கள். அரை மணிக்குள் இன்னொரு சாப்பாட்டை வைத்தால் அதையும் சாப்பிட்டார்கள். மூன்றாவதைக்கூடப் பெரும்பாலும் தொடங்கிவிட்டார்கள்! வயிறு என்னவோ நிறைந்துதான் இருந்தது. சாப்பிட்டோம் என்ற நினைவுதான் இல்லை.

நமக்கும் இது சின்ன அளவில் நடக்கிறது. டிவி பார்த்துக்கொண்டே சாப்பிட்டவர்கள் பிறகு அதிகம் கொறிப்பதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். என் கதையும் அதுதான். போனை நோண்டிக்கொண்டே சாப்பிட்டால் விரல் வெறும் தட்டைத் தடவும்போதுதான் முடிந்துவிட்டது என்றே தெரியும். அப்புறம் சாயங்காலம் ஆவதற்குள் டப்பாவைத் திறந்துகொண்டு நிற்பேன். போனை வேறு அறையில் வைத்துவிட்டுச் சாப்பிட்டால் அந்த நச்சரிப்பு கொஞ்சம் குறைகிறது.